ஆரணியின் போர்த்தடங்கள்: நடந்து அறியும் வரலாறு

ஆரணி, திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் அமைந்துள்ள நகரம். புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டால் இன்று அறியப்படும் இந்நகரம், 18-ஆம் நூற்றாண்டில் இருமுறை போர்க்களமாகவும், ஒருமுறை பெரும்படை திரளும் முகாமாகவும் இருந்தது. வடக்கே ஆற்காடு, வடமேற்கே வேலூர், கிழக்கே வந்தவாசி, தெற்கே செஞ்சி என நான்கு கோட்டைகளுக்கு இடையே அமைந்ததே இதற்குக் காரணம். ஒரு கோட்டையிலிருந்து மற்றொன்றுக்குச் சென்ற படைகள் ஆரணியின் வயல்களைக் கடந்தன. ஆரணியின் நெல்லைத் தின்றன. அந்தப் போர்களின் தடங்களை நடந்து சென்று அறிவதற்கான வழிகளையும், அத்தகைய நடை யாருடைய கதையைச் சொல்ல வேண்டும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

போர்த்தட நடை

போர், சிறை, படுகொலை ஆகியவை நிகழ்ந்த இடங்களை மக்கள் சென்று காண்பது உலகெங்கும் உள்ள வழக்கம். ஸ்காட்லாந்து ஆய்வாளர்களான ஜான் லெனன், மால்கம் ஃபோலி ஆகிய இருவரும் 1996-இல் இதற்கு 'இருண்ட சுற்றுலா' என்று பொருள்படும் பெயரை வழங்கினர். ஹிரோஷிமாவின் அமைதிப் பூங்கா, அந்தமானின் செல்லுலார் சிறை ஆகியவை இவ்வகையில் நன்கு அறியப்பட்டவை. இத்தகைய இடங்களில் வழிகாட்டியுடன் நடந்து செல்வது, நிகழ்ந்ததை நிலத்தோடு பொருத்திப் புரிந்துகொள்ள உதவுகிறது.

தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் 'மரபு நடை' என்ற பெயரில் நடக்கிறது. 2004 முதல் ஆகஸ்டு மாதத்தில் கொண்டாடப்படும் சென்னை நாளையொட்டி நகரின் பழைய பகுதிகளில் இத்தகைய நடைகள் நடைபெறுகின்றன. சென்னையின் போர்த்தடங்களில் குறிப்பிடத்தக்கது எம்டன் தாக்குதல். முதல் உலகப் போரின்போது, 1914 செப்டம்பர் 22 இரவில், ஜெர்மானியக் கப்பலான எம்டன் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டுகளை வீசியது. எண்ணெய்க் கிடங்குகள் தீப்பற்றி எரிந்தன. உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் உள்ள சிறிய கல்வெட்டு அதை இன்றும் நினைவூட்டுகிறது. சாமர்த்தியசாலியை 'எம்டன்' என்று அழைக்கும் பேச்சுவழக்கும் அந்த இரவிலிருந்து வந்ததே. ஆரணியில் நடந்த போர்கள் எம்டன் தாக்குதலைவிடப் பெரியவை. ஆனால் அவை பேச்சில் ஒரு சொல்லைக்கூட விட்டுச் செல்லவில்லை.

1751: சேற்று வயலில் ஒரு போர்

ஆற்காட்டு நவாப் பதவிக்குச் சந்தா சாகிபும் முகமது அலியும் போட்டியிட்டனர். முன்னவரைப் பிரெஞ்சுக்காரரும், பின்னவரை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியும் ஆதரித்தனர். 1751-இல் இராபர்ட் கிளைவ் ஆற்காட்டைக் கைப்பற்றியபோது, சந்தா சாகிபின் மகன் ராசா சாகிப் அதை 50 நாட்கள் முற்றுகையிட்டார். முற்றுகை தோல்வியுற்றதும் கிளைவ், மராத்தியக் குதிரைப்படையின் துணையுடன் அவரைத் துரத்தினார். டிசம்பர் 3 அன்று இரு படைகளும் ஆரணி அருகே மோதின.

கிளைவிடம் ஏறத்தாழ 200 ஐரோப்பியரும், 700 சிப்பாய்களும், 600 மராத்தியக் குதிரைவீரர்களும் இருந்தனர். எதிரே 300 பிரெஞ்சு வீரர்களும், பெருந்தொகையான சிப்பாய்களும் குதிரைவீரர்களும் நின்றனர். வெற்றியை முடிவு செய்ததில் நிலத்துக்குப் பெரும் பங்கு உண்டு. கிளைவின் படை நின்ற இடத்தின் முன்னே நீர் தேங்கிய நெல்வயல்கள் இருந்தன. ஒரு பக்கம் பனந்தோப்பு இருந்தது. வயல்களுக்கு நடுவே ஒரு மேட்டுப்பாதை சென்றது. சேற்றில் பீரங்கி வண்டிகளை இழுக்க முடியாததால் பிரெஞ்சுப் படை அந்தக் குறுகிய பாதையில் நெருக்கியடித்து வர நேர்ந்தது. பாதையில் சிக்கியவர்கள் எளிய இலக்காயினர். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஆரணியின் வயல் வரப்பில் நடந்து பார்ப்பவருக்கு இந்தப் போரை விளக்கப் படம் தேவையில்லை.

போருக்குப் பின், தோற்ற தரப்பின் சிப்பாய்களில் சுமார் 600 பேர் துப்பாக்கிகளுடன் கிளைவின் படையில் சேர்ந்தனர். இரு தரப்பிலும் நின்ற சிப்பாய்கள் பெரும்பாலும் இந்த நாட்டவரே; கூலி எவரிடம் கிடைத்ததோ அவருக்காகப் போரிட்டனர். நவாப் யார் என்பதைவிட மாதச் சம்பளம் வருமா என்பதே அவர்கள் முன் இருந்த கேள்வி.

1782: ஐதர் அலியின் கிடங்கு

1780 ஜூலையில் மைசூரின் ஐதர் அலி பெரும்படையுடன் கணவாய்களைக் கடந்து கர்நாடகப் பகுதிக்குள் நுழைந்தார். செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அழிக்கப்பட்டது. அதே ஆண்டு ஆற்காடு வீழ்ந்தது. ஆரணிக் கோட்டை ஐதரின் தானியமும் வெடிமருந்தும் சேர்த்துவைக்கும் கிடங்காயிற்று.

அவரை எதிர்த்த சர் அயர் கூட்டின் படைக்கு வண்டிமாடும் அரிசியும் எப்போதும் பற்றாக்குறை. கடல் வழியே அரிசி வந்ததால் அப்படை கடற்கரையை விட்டு நெடுந்தூரம் விலக இயலவில்லை. எனவே ஐதரின் கிடங்கைத் தாக்குவது என்று கூட் முடிவு செய்தார். 1782 ஜூன் 2 அன்று ஆரணி அருகே நடந்த போரில் ஐதர் பின்வாங்கினார். ஆயினும் திப்பு சுல்தான் கோட்டைக் காவலை வலுப்படுத்திவிட்டதால் கிடங்கு கூட்டுக்குக் கிடைக்கவில்லை. முற்றுகையிட உணவும் இல்லாமல் அவர் திரும்பினார். சில நாட்களில் அவரது காவற்படைப் பிரிவு ஒன்று ஐதரின் பதுங்குத் தாக்குதலில் அழிந்தது.

இரு தலைவர்களும் நேருக்கு நேர் மோதிய கடைசிப் போர் இதுவே. ஐதர் அலி 1782 டிசம்பரில் சித்தூர் அருகே இறந்தார். கூட் 1783 ஏப்ரலில் சென்னையில் இறந்தார். 1784 மார்ச்சில் மங்களூர் உடன்படிக்கையுடன் போர் முடிந்தது.

1790: வரைபடக்காரரின் மரணம்

மூன்றாம் மைசூர்ப் போர் தொடங்கியபோது கம்பெனியின் ஒரு படை ஆரணியில் திரண்டது. அதன் தலைவர் கர்னல் இராபர்ட் கெல்லி. படைத்தலைவராக மட்டுமின்றி, கர்நாடகப் பகுதியின் வரைபடங்களைத் தொகுத்தவராகவும் அவர் அறியப்படுகிறார். அக்காலத்தில் சாலை, ஏரி, ஆறு ஆகியவற்றை வரைபடத்தில் குறிப்பது போருக்கான வேலையே: பீரங்கி செல்லும் வழி எது, படைக்கு எங்கே தண்ணீர் கிடைக்கும் என்பதை வரைபடம் சொன்னது. 1790 செப்டம்பரில் கெல்லி ஆரணியில் இறந்தார். படையின் தலைமை கர்னல் மேக்ஸ்வெல்லிடம் சென்றது. கெல்லியின் நினைவுச் சின்னம் ஆரணிக் கோட்டைப் பகுதியில் உள்ளது.

கல்லில் இடம்பெறாதவர்கள்

புள்ளலூரில் கம்பெனி அதிகாரிகளுக்கு நினைவுத் தூண்கள் உள்ளன. ஆரணியில் கெல்லிக்கு நினைவுச் சின்னம் உள்ளது. அங்கெல்லாம் இறந்த சிப்பாய்க்கோ, வீடிழந்த குடியானவருக்கோ, தறியிழந்த நெசவாளருக்கோ கல் இல்லை.

1780-க்குப் பின் இரு படைகளும் நாட்டை உணவுக்காகச் சூறையாடின. எதிரிக்குத் தீனி கிடைக்கக் கூடாது என்பதற்காக ஐதரின் படை பயிர்களையும் ஊர்களையும் எரித்தது. மக்கள் சென்னை நோக்கி ஓடினர், பஞ்சம் தொடர்ந்தது. 1785 பிப்ரவரியில் எட்மண்டு பர்க், ஆற்காட்டு நவாப்பின் கடன்கள் குறித்து இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரையில் இந்தப் பேரழிவை விரிவாக எடுத்துரைத்தார்.

நெசவூருக்கு இத்தகைய போர் என்ன செய்யும் என்பதைத் தொழிலின் முறையே காட்டும். ஆரணி 19-ஆம் நூற்றாண்டில் மெல்லிய பருத்தி மஸ்லினுக்குப் பெயர் பெற்றிருந்தது. பட்டின் புகழ் அதற்குப் பிந்தையது. பருத்தித் தறிக்கு நூல் வேண்டும். நூலும் பஞ்சும் மாட்டுவண்டியிலும் பொதிமாட்டிலும் வர வேண்டும். மாடுகளைப் படைகள் பிடித்துக்கொண்டால் நூல் நிற்கும். பாவைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டிக் கஞ்சி போட வேண்டும். அதற்கு அமைதியான தெருவும் அரிசியும் தேவை. குடிக்கவே கஞ்சி இல்லாத ஆண்டில் பாவுக்கு ஏது கஞ்சி? குழித்தறி வீட்டுத் தரையோடு பிணைந்தது. ஓடும்போது அதைத் தூக்கிச் செல்ல முடியாது. ஒரு சுற்று முற்றுகையில் மதில் தப்பினாலும் தறி தப்புவதில்லை.

நடையை அமைக்கும் முறை

ஆரணியில் ஒரு போர்த்தட நடையைக் கோட்டைப் பகுதியில் தொடங்கலாம். 17-ஆம் நூற்றாண்டு முதல் இக்கோட்டையும் சுற்றியுள்ள ஊர்களும் மராத்திய ஜாகிர்தார்களிடம் இருந்தன. நவாப், கம்பெனி, மைசூர் என அடுத்தடுத்து வந்த வலியவர்களிடையே ஒரு சிறிய ஜாகிர் பிழைத்திருந்த கதையை அங்கே சொல்லலாம். அடுத்து கெல்லியின் நினைவுச் சின்னத்துக்கும், பின்னர் ஆற்றங்கரைக்கும், வயல்வெளிக்கும் செல்லலாம். முடிவில் நெசவுத் தெருவுக்கு வரலாம். அங்கே தறியையும் பாவையும் நேரில் பார்த்தால், போர் எதை நிறுத்தியது என்பது விளங்கும்.

வழிகாட்டிக்குச் சில கட்டுப்பாடுகள் தேவை. கோட்டை என்றாலே சுரங்கப்பாதை, புதையல், வாள்சண்டை என்று கதைகள் சேர்ந்துவிடும். அவற்றைச் சொன்னால் வாய்மொழிக் கதை என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். சான்றில்லாமல் ஒரு வயலைக் காட்டி, இங்கேதான் போர் நடந்தது என்று கூறக் கூடாது. கிளைவையோ ஐதரையோ வீரநாயகராக்கி மற்றவரை இழிவுபடுத்துவதும் வரலாறு ஆகாது. குடியிருப்புகளில் கூட்டமாகச் செல்லும்போது, வேலை செய்வோரின் அனுமதியின்றிப் படமெடுக்கக் கூடாது.

மாணவர்களுக்கு இந்த நடை ஒரு கேள்வியைக் கற்றுத் தரும். எந்த நினைவுச் சின்னத்தின் முன் நின்றாலும், இது யாருக்காக வைக்கப்பட்டது என்று கேட்பதோடு, இதே நாளில் இதே ஊரில் வேறு யார் இறந்தார்கள் என்றும் கேட்க வேண்டும். முதல் கேள்விக்கான விடை கல்லில் இருக்கும். இரண்டாவதற்கான விடையை வயல், ஆறு, தறி ஆகியவற்றிலிருந்தும் அக்கால ஆவணங்களிலிருந்தும் தேடி எடுக்க வேண்டும்.