மின்னொளியும் சட்டமும்

பத்துமலையில் முருகன் வழிபாட்டிற்கு 1891ஆம் ஆண்டில் அடிகோலிய பெருந்தகை என்று தம்புசாமிப் பிள்ளையை மலேசியத் தமிழர் போற்றுவர். அவருக்குரிய மற்றொரு சிறப்பைப் பலர் அறியார். 1894ஆம் ஆண்டில் அவரும் சீனப் பெருவணிகர் லோக் யூவும் ரவாங்கில் இருந்த தங்கள் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கி ஒன்றை நிறுவி, நீரிறைக்கும் பொறிகளை மின்னாற்றலால் இயக்கினர். மலாயாவின் மின்சார வரலாறு அங்கேதான் தொடங்குகிறது. 1895இல் கோலாலம்பூர் இரயில் நிலையம் மின்னொளி பெற்றது. 1900இல் ரவுப் பொற்சுரங்க நிறுவனம் செம்பாமில் நீர்மின் நிலையம் அமைத்தது.

இம்முயற்சிகள் பெரும்பாலும் பொருள் படைத்தோர் தம் தொழிலுக்கென மேற்கொண்டவை. மின்சாரம் பொதுமக்களுக்கும் உரியது என்னும் நிலையை உருவாக்கச் சட்டம் தேவைப்பட்டது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி மத்திய மின்சார வாரியம் அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் பிறந்தது. 1953இல் கிள்ளானில் கன்னாட் பாலம் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. 1965இல் வாரியம் தேசிய மின்சார வாரியம் எனப் பெயர் மாறியது. நகரங்கள் ஒளி பெற்றன. ஆயினும் தோட்டத்து லயங்கள் பலவற்றில் மண்ணெண்ணெய் விளக்கே நெடுங்காலம் எரிந்தது. சில தோட்டங்களில் நிருவாகத்தின் மின்னாக்கி இரவில் சில மணி நேரம் மட்டுமே ஓடியது. சட்டம் இயற்றப்படுவது வேறு, அதன் பயன் கடைக்கோடிக் குடிலை எட்டுவது வேறு என்பதை இது உணர்த்துகிறது.

1990ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் பெரியதொரு திருப்பம் ஆகும். வாரியத்தின் உடைமைகளும் பொறுப்புகளும் தெனாகா நேஷனல் நிறுவனத்திற்கு மாற்றப்பட்டன. உரிமம் வழங்குதலும் மேற்பார்வையும் மின்சார விநியோகத் தலைமை இயக்குநரிடம் சேர்ந்தன. 1992 செப்டம்பர் 29ஆம் நாள் தீபகற்பம் முழுதும் இருளில் மூழ்கியது. அதன்பின் தனியார் மின்னுற்பத்தியாளர்களும் உரிமம் பெற்றனர். விற்போர் பலராகவே, அவர்களைக் கண்காணிக்கும் அமைப்பும் வலுப்பெற வேண்டியதாயிற்று. 2001ஆம் ஆண்டுச் சட்டம் எரிசக்தி ஆணையத்தைத் தோற்றுவித்தது. 2002 முதல் மின்சாரத்தோடு எரிவாயு விநியோகத்தையும் அவ்வாணையமே மேற்பார்வையிடலாயிற்று. மின்சாரத்திற்கு 1990இலும் எரிவாயுவிற்கு 1993இலும் தனித்தனியே இயற்றப்பட்ட சட்டங்கள் இவ்வாறு ஓர் அமைப்பின்கீழ் வந்தன.

எனினும் அவ்வதிகாரத்திற்கும் எல்லை உண்டு. மின்கட்டணத்திற்கு அமைச்சரின் ஒப்புதல் வேண்டும் என்னும் விதி ஆணையம் வந்த பின்னும் நீங்கவில்லை. சரவாக் மாநிலம் தனக்கெனத் தனிச் சட்டம் கொண்டுள்ளது.

விற்பவர் ஒருவர், கண்காணிப்பவர் மற்றொருவர் என்று பிரித்ததே இச்சட்டங்களின் சாரம். அப்பிரிவினால் மக்கள் பெற்றது, குறையுற்றால் யாரிடம் முறையிடுவது என்னும் தெளிவு. அத்தெளிவு சட்ட நூலில் இருந்தால் மட்டும் போதாது. மாதந்தோறும் மின்கட்டணம் செலுத்தும் எளிய குடும்பமும் அதனை அறிந்திருத்தல் வேண்டும். அவ்வறிவை ஊட்டுவது பள்ளியின் கடமையுமாகும்.