விண்வெளியில் கணினிகளைக் குளிர்வித்தல்

விண்கலங்களில் உள்ள கணினிகள் வெளியிடும் வெப்பத்தைத் திரட்டி, கலத்துக்கு வெளியே கதிர்வீச்சாக அனுப்பும் பொறியியல் முறை. விண்வெளி கடுங்குளிரானது, அங்கே எதுவும் தானாகவே குளிர்ந்துவிடும் என்ற எண்ணம் பரவலாக உண்டு, அது தவறு. வெப்பத்தை ஏந்திச் செல்லக் காற்றோ நீரோ இல்லாத வெற்றிடம் மிகச் சிறந்த வெப்பக் காப்பு. 27 டிகிரி செல்சியஸில், வெப்பத்தை முழுத் திறனோடு கதிர்வீசும் கரும்பொருள்கூடச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 460 வாட் மட்டுமே கதிர்வீசும். கெல்வின் அளவில் வெப்பநிலை இரட்டித்தால் இது 16 மடங்காகும். ஆனால் அந்தச் சூட்டைச் சில்லுகள் தாங்கா. எனவே கதிர்வீசும் பரப்பைக் கூட்டியே ஆக வேண்டும்.

1957இல் சோவியத் ஒன்றியம் ஏவிய ஸ்புட்னிக் 1இன் கோளத்துக்குள் நைட்ரஜன் அடைத்து, விசிறியால் சுழற்றி, வெப்பத்தை வெளி ஓட்டுக்குக் கொண்டுசேர்த்தார்கள். இன்றைய செயற்கைக்கோள்களில் பெரும்பாலும் காற்றுக்கு வேலையில்லை. சில்லின் சூடு சுற்றுப்பலகையின் செம்புப் படலங்கள் வழியே ஓரங்களுக்குப் பரவுகிறது. அங்கே இறுகப் பிடித்திருக்கும் அலுமினியச் சட்டத்தில் இறங்கி, அம்மோனியா நிரப்பிய வெப்பக் குழாய்கள் மூலம் வெளிப்புற ரேடியேட்டர் தட்டுகளை அடைகிறது. சூரிய ஒளியைத் திருப்பிவிட்டு வெப்பத்தை மட்டும் கதிர்வீசும் ஆடித் துண்டுகள் அத்தட்டுகளில் பதிக்கப்படுவதுண்டு.

பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குள் காற்று இருக்கிறது. ஆயினும் எடையற்ற நிலையில் சூடான காற்று மேலெழாது. விசிறி நின்றால் வெப்பம் கருவியைச் சுற்றியே தேங்கும். ஆகவே முக்கியக் கருவிகளின் வெப்பத்தை உள்ளே ஓடும் நீர் வாங்கி, வெளியே ஓடும் அம்மோனியாவிடம் ஒப்படைக்கிறது. அம்மோனியா உறைவது மைனஸ் 77 டிகிரியில்தான் என்பதால் வெளிக்குழாய்களுக்கு அது பொருத்தம். நச்சு என்பதால் உள்ளே அதற்கு இடமில்லை. இரண்டு அம்மோனியாச் சுற்றுகளும் சேர்ந்து 70 கிலோவாட் வரை வெளியேற்றும். 2017இல் அங்கே சென்ற ஹெச்பிஈ நிறுவனத்தின் ஸ்பேஸ்போர்ன் கணினியும் நீரால் குளிர்விக்கப்பட்டதே.

இந்த அமைப்பு எவ்வளவு இன்றியமையாதது என்பதை 2010 ஜூலை 31 காட்டியது. அம்மோனியாவை ஓட்டும் ஒரு பம்பு நின்றதும் குளிர்விக்கும் திறனில் பாதி போயிற்று. பல கருவிகளை அணைக்க நேர்ந்தது. நிலையத்தில் இருந்த விண்வெளி வீரர்கள் டக்ளஸ் வீலாக்கும் டிரேசி கால்டுவெல் டைசனும் வெளியே சென்று, சுமார் 350 கிலோ எடையுள்ள அந்தப் பம்பை மாற்றினார்கள். முதல் முயற்சியில் அம்மோனியாக் குழாயின் இணைப்பு ஒன்று கழல மறுத்தது. வீலாக் அதைச் சுத்தியலால் தட்ட வேண்டியிருந்தது. மூன்று விண்நடைகளுக்குப் பிறகே வேலை முடிந்தது.

சுற்றுப்பாதையில் தரவு மையம் அமைக்கும் திட்டங்களையும் தொடக்கத்தில் கண்ட கதிர்வீச்சுக் கணக்கோடுதான் எடைபோட வேண்டும். 27 டிகிரியில் ஒரு மெகாவாட் வெப்பத்தை வெளியேற்ற, இருபுறமும் கதிர்வீசும் தட்டாயினும் ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல் தேவை.