டோனாவூர் அம்மா

அயர்லாந்தில் 1867-இல் பிறந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895-இல் இந்தியா வந்தார். பின்பு தாயகம் திரும்பினாரல்லர். 1901-இல், கோயிலுக்குப் பொட்டுக்கட்ட விடப்பட்ட சிறுமியொருத்தி தப்பியோடி அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அன்று தொடங்கியதே நெல்லைச் சீமையின் டோனாவூர்க் குடும்பம். 'அநாதை விடுதி' என்பது அதற்குப் பொருந்தாப் பெயர். பெற்றோர் உயிரோடிருக்கவே கைவிடப்பட்ட பிள்ளைகளும் அங்கு வளர்ந்தனர். அனைவரும் அவரை 'அம்மா' என்றே அழைத்தனர்.

அவரை ஈன்ற தாயாரும் 1904-இல் அங்கு வந்து, பச்சிளங் குழந்தைகளைப் பேணித் துணைநின்றார். அத்தாய் 1913-இல் கடலுக்கப்பால் மறைந்தபோது மகளுக்கு முகம்பார்க்கவும் வாய்க்கவில்லை. முந்திய ஆண்டுதான் வழிகாட்டியாயிருந்த வாக்கர் ஐயர் காலமானார். 1915-இல் வலக்கையாயிருந்த பொன்னம்மாளும் புற்றுநோயால் மாண்டார். நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள் சூழ்ந்த வீட்டில், தாயை இழந்த மகளாயிருக்க அவருக்குப் பொழுதேது?

1951-இல் அவர் மறைந்தார். கல்லறைக்கல் வேண்டா என்பது அவர் விருப்பம். பறவைகள் நீர் அருந்தும் தொட்டியொன்றை அவ்விடத்தில் நிறுவி, 'அம்மா' என்று பொறித்தனர்.