சாண்டி க்ரீக் குடித்தனக்காரன்

தங்கம் ஏற்றிச் சென்ற சர்க்கார் வண்டியைக் கார்டினர் என்ற கொள்ளைத் தலைவனின் கூட்டத்தார் யூகவ்ராப் பாறைகளின் மறைவில் காத்திருந்து கொள்ளையிட்ட 1862 ஜூன் 15-ஆம் தேதியின் விருத்தாந்தத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். அன்று முகத்தில் கரி பூசி நின்றவர்களுள் ஒருவன், சில மாதங்களுக்கு முன்புவரை ஊரார் மரியாதையோடு பார்த்த குடித்தனக்காரன் என்பதை வேண்டுமென்றே சொல்லாமல் வைத்திருந்தேன். அவன்தான் பென் ஹால்.

1837-இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் பிறந்து, மாடு மேய்ப்பதிலும் குதிரை பழக்குவதிலும் வளர்ந்து, லாக்லன் நதிப் பிரதேசத்துச் சாண்டி க்ரீக்கில் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து மேய்ச்சல் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, மனைவியும் ஆண் குழந்தையுமாக வாழ்ந்திருந்த அவனை, 1862 ஏப்ரலில் வழிப்பறிக் குற்றம் சாட்டிக் கைது செய்தவர் போலீஸ் அதிகாரி சர் ஃப்ரெடெரிக் பாட்டிஞ்சர். நியாயஸ்தலம் அவனை விடுதலை செய்தது. ஆனால் அந்தக் காலத்தை ஒட்டியே மனைவி குழந்தையோடு வேறொருவனிடம் போய்விட்டாள். யூகவ்ரா சம்பவத்துக்குப் பின் மறுபடியும் பிடித்தார்கள், சாட்சியமின்றி விட்டார்கள். பிறகு அவன் வாழ்ந்த வீட்டையே போலீசார் கொளுத்தினார்கள். யூகவ்ராவில் அவன் நிரபராதி அல்லன்தான். எனினும் ஒருவனுக்குத் திரும்பிப் போவதற்கு வீடே இல்லாமற் செய்துவிட்டு, அவன் காட்டிலே திரிகிறான் என்று குறைப்பட்டுக்கொள்வது விநோதமான நிர்வாகம்.

அதன்பின் கில்பர்ட், ஓமீலி முதலிய கூட்டாளிகளோடு அவன் நடத்திய கொள்ளைகளில் வேடிக்கையும் கலந்திருந்தது. 1863 அக்டோபரில் கனௌன்ட்ரா என்ற சிற்றூரைப் பிடித்து, போலீஸ்காரனை அடைத்துவைத்து, வழிப்போக்கர்களை ஹோட்டலில் நிறுத்தி, மூன்று நாள் விருந்தும் நடனமுமாகக் கழித்து, செலவுக்குப் பணமும் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஜனங்கள் நகைத்தது கொள்ளைக்காரரைப் பார்த்தல்ல, போலீசைப் பார்த்து.

நகைப்பு நீடிக்கவில்லை. 1864 நவம்பரில் கில்பர்ட் ஒரு சார்ஜெண்டைச் சுட்டான். 1865 ஜனவரியில் அதே கூட்டத்தைச் சேர்ந்த டன் என்ற இளைஞன் ஒரு கான்ஸ்டபிளைக் கொன்றான். ஹாலின் துப்பாக்கியால் ஒருவரும் மாளவில்லை என்றாலும், அவன் தலைக்கும் ஆயிரம் பவுன் விலை வைக்கப்பட்டது. பிரகடனம் செய்யப்பட்ட குற்றவாளியை, சரணடையச் சொல்லாமலே, எந்தப் பிரஜையும் சுட்டுவிடலாம் என்ற புதிய சட்டம் ஏப்ரலில் நிறைவேறிற்று. அதே மாதம், பதவி பறிபோன பாட்டிஞ்சர், ஓடும் கோச்சு வண்டியில் ஏறும்போது தம் துப்பாக்கியே தவறி வெடித்துப் பட்ட காயத்தால் இறந்துபோனார்.

மே 5-ஆம் தேதி விடியற்காலை, ஃபோர்ப்ஸுக்கு அருகே தன்னந்தனியாகத் தங்கியிருந்த ஹாலை, நண்பனென்று நம்பியவன் காட்டிக்கொடுக்க, சப்-இன்ஸ்பெக்டர் டேவிட்சனின் படை சூழ்ந்துகொண்டது. தடம் பார்ப்பதில் வல்லவனான ஆதிகுடி வீரன் பில்லி டார்கினும் உடனிருந்தான். குதிரைகளை நோக்கி ஓடிய ஹாலின்மேல் ஏறத்தாழ முப்பது குண்டுகள் பாய்ந்தன. இருபத்தெட்டு வயது நிரம்ப நான்கு நாள் பாக்கி. புதிய சட்டப்படி அவனைப் பிரகடனம் செய்யும் சடங்குகூட அப்போது முற்றுப்பெற்றிருக்கவில்லை.

கில்பர்ட் அதன்பின் எட்டு நாள்தான் உயிரோடிருந்தான். அந்த எட்டு நாட்களை அடுத்த வாரம் பார்ப்போம்.