ரோபோ பெருக்குது, குனியறது யாரு?

இன்னிக்கு எபிசோட் ஒரு நண்பர் கேட்ட கேள்வியில இருந்து ஆரம்பிக்குது. "15,000 ரூபாய்க்கு ரோபோ வேக்குவம் வருதே, மாப்பும் சேர்த்து. வாங்கலாமா?"

நான் வாங்கி ஆறு வாரம் ஆச்சு. ஆனாலும் ஆமா, இல்லைன்னு ஒரே வார்த்தையில பதில் சொல்ல முடியல. இந்தப் பொருள் எப்படி விலை குறைஞ்சதுங்கிற கதை தெரிஞ்சாதான் பதிலும் புரியும். அதனால கொஞ்சம் சுத்தி வர்றேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல எங்க வீட்டு நிலவரம். சென்னையில ரெண்டு பெட்ரூம் வீடு. அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். கீழே உட்கார்ந்து எழுந்திருக்கிற வேலையே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். பல வருஷமா வேலைக்கு வந்துட்டிருந்த அக்கா சொந்த ஊருக்கே திரும்பிப் போயிட்டாங்க. நான் ஆபீஸ் கிளம்பினதும் அம்மா பக்கெட்டும் துணியுமா உட்கார்ந்துடறாங்கன்னு எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சது. அன்னிக்கு ராத்திரியே ஆர்டர் போட்டேன்.

இப்போ 1901-க்குப் போவோம். லண்டன். ஹியூபர்ட் செசில் பூத்னு ஒரு என்ஜினியர். தூசியை ஊதித் தள்ளுற அமெரிக்க மெஷின் ஒண்ணோட செயல்விளக்கத்தைப் பார்க்கப் போறார். ஊதினா தூசி இங்கேயிருந்து அங்கே போகுது, அவ்ளோதான். உறிஞ்சினா என்னன்னு அவருக்குத் தோணுது. ஒரு ரெஸ்டாரண்ட் நாற்காலி மேல கைக்குட்டையை வச்சு, வாயாலேயே உறிஞ்சிப் பார்த்திருக்கார். துணியில கறுப்பா தூசி. அதே வருஷம் பேடன்ட்.

பூத் செய்த மெஷின் வீட்டுக்குள்ள நுழையாது. அவ்வளவு பெரிசு. குதிரை வண்டியில வரும், தெருவில நிக்கும், ஜன்னல் வழியா நீளமான குழாயை உள்ளே விட்டு ஆட்கள் சுத்தம் பண்ணுவாங்க. 1902-ல ஏழாம் எட்வர்ட் முடிசூட்டுக்கு முன்னாடி வெஸ்ட்மின்ஸ்டர் ஆபேயின் கம்பளங்களைச் சுத்தம் செய்ததும் இதுதான். அதாவது, வேக்குவம் கிளீனர் பிறந்தபோது அது வீட்டுச் சாமான் இல்லை. பணக்காரங்க ஆள் அனுப்பிக் கூப்பிடுற ஒரு சேவை.

அதை வீட்டுச் சாமானாக்கினவர்களில் முக்கியமானவர் ஒரு துப்புரவுத் தொழிலாளி. எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடிச்ச ஆள் இவர்தான். ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்க்ளர், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் கேன்டன் நகரம். ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோரில் ராத்திரி பெருக்குற வேலை. ஆஸ்துமா வேற. தூசி கிளம்பினா மூச்சு இரைக்கும். 1907-ல ஒரு ஃபேன் மோட்டார், ஒரு சோப்புப் பெட்டி, துடைப்பக் கட்டை, தலையணை உறை, இதையெல்லாம் வச்சு ஒரு மெஷின் கட்டினார். 1908-ல பேடன்ட் கிடைச்சது. ஆனா வியாபாரம் பண்ணப் பணமில்லாம தோல் பொருள் வியாபாரி ஒருத்தர்கிட்ட உரிமையை வித்துட்டார். அந்த வியாபாரி பேர் வில்லியம் ஹூவர். இன்னிக்கும் இங்கிலாந்தில் வேக்குவம் போடுறதுக்கே 'ஹூவர் பண்றது'ன்னுதான் பேர். ஸ்பாங்க்ளர் பேரை யாரும் வினைச்சொல்லாக்கல.

மெஷின் வீட்டுக்குள்ள வந்ததும் வேலை குறைஞ்சதா? இந்தக் கேள்வியை ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன்ங்கிற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1983-ல வந்த தன்னோட புத்தகத்தில் கேட்டாங்க. வருஷத்துக்கு ஓரிரு தடவை ஆண்களும் பசங்களும் சேர்ந்து கம்பளத்தை வெளியே தூக்கிட்டுப் போய் அடிச்சு உதறுவாங்க. வேலைக்காரங்க இருக்கிற வீட்டில் அவங்க செய்வாங்க. மெஷின் வந்ததும் அது வீட்டம்மா ஒருத்தி மட்டும் வாராவாரம் செய்யுற வேலையாச்சு. உழைப்பு லேசாச்சு, ஆனா மத்த கைகள் எல்லாம் விலகிடுச்சு. இதை மனசில வச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

நம்ம ஊர்ப் பக்கம் யுரேகா ஃபோர்ப்ஸ் 1982-ல தொடங்கினது. டை கட்டின சேல்ஸ்மேன் பெல் அடிச்சு, நம்ம மெத்தையில இருந்தே தூசி எடுத்துக் காட்டுவார். வாங்கினவங்க வீட்டில் அது பெரும்பாலும் பரண் மேல போய் உட்கார்ந்துச்சு. காரணம் சிம்பிள். மொசைக், சிவப்பு சிமென்ட், டைல்ஸ்னு வாழ்ற நமக்கு சுத்தம்னா தண்ணி. ஈரத்துணி படாத தரை நமக்குச் சுத்தமான தரையே இல்லை.

இனி ரோபோ. ஸ்வீடனின் எலக்ட்ரோலக்ஸ் 1996-ல ஒரு மாதிரியை பிபிசி டிவியில் காட்டினாங்க. கடைக்கு வந்தது 2001-ல, ட்ரைலோபைட்ங்கிற பேர்ல. மீயொலியை அனுப்பி எதிரே இருக்கிறதை உணர்ந்து ஒதுங்கிப் போகும். விலைதான் சாதாரண வீடுகளுக்குக் கிட்டவே வரல.

அடுத்த வருஷமே, 2002 செப்டம்பர்ல, அமெரிக்காவின் ஐரோபாட் கம்பெனி ரூம்பாவை 199 டாலருக்கு விட்டாங்க. எப்படி முடிஞ்சது? நிறுவனர்களில் ஒருத்தரான ராட்னி ப்ரூக்ஸ் எம்ஐடி பேராசிரியர். அந்தக் காலத்து ரோபோ ஆராய்ச்சி, முதல்ல உலகத்தோட முழுப் படத்தையும் மனசில வரைஞ்சுட்டு அப்புறம் அடி எடுத்து வைக்கணும்னு நம்பினது. ப்ரூக்ஸ் பூச்சிகளைப் பார்க்கச் சொன்னார். கரப்பான்பூச்சி மேப் வச்சா ஓடுது? முட்டினா திரும்பு, சுவர் வந்தா ஓரமா போ, இந்த மாதிரி சின்னச் சின்னப் பழக்கங்கள் போதும். அந்தக் கம்பெனி கண்ணிவெடி தேடுற ரோபோவுக்கும் வேலை செய்திருந்தது. ஒரு இடத்தை விடாமல் சுத்துறதுங்கிற பாடம் அங்கேயிருந்தும் வந்தது.

ஆக ரூம்பா மலிவானது, மேப்பை விட்டுட்டதால. அது வயரைத் தின்னும், ஒரே இடத்துக்கு நாலு தடவை போகும். அதைச் சமாளிக்க வீட்டு ஆளுங்க தரையை ஒதுங்க வச்சுக் கொடுத்தாங்க. என்னைக் கேட்டா இந்த வரலாறே அதுதான். ஒவ்வொரு முறை விலை இறங்கும்போதும் மெஷினில் இருந்து எதையோ விட்டிருக்காங்க. விட்டதை வீட்டில் யாரோ ஒருத்தர் செய்திருக்காங்க.

அப்புறம் மேப்பும் மலிவாச்சு. லேசர் வச்சு தூரம் அளக்கிற லைடார் ஆயிரக்கணக்கான டாலர் வித்த சாமான். அதை 30 டாலர் செலவில் செய்யலாம்னு 2008-ல ஒரு ஆய்வுக்கட்டுரை வந்தது. 2010-ல நியாட்டோ அந்த வழியில் லேசர் ரோபோவை விட்டாங்க. 2016-ல சீனாவின் ஷியோமி 1,699 யுவானுக்குக் கொண்டுவந்தாங்க. இந்தியாவுக்கு 2020 ஏப்ரலில் 17,999 ரூபாய்க்கு, மாப்போட. லாக்டவுன் நேரம், வேலைக்கு வர்றவங்களை அபார்ட்மென்ட் கேட்டுக்குள்ள விடாத நேரம். அந்த 17,999 யாருடைய சம்பளத்தோடு போட்டி போட்டதுன்னு சொல்ல வேண்டியதில்லை. மலிவுக்கு வழி காட்டின ஐரோபாட் கடைசியில் மலிவிலேயே மாட்டி, 2025 டிசம்பர்ல திவால் மனு போட்டது தனிக்கதை.

சரி, என் ரோபோ. ரவையைக் கொட்டி டெஸ்ட் பண்ணேன். டைல்ஸ் மேல சுத்தமா எடுத்துடுச்சு. மூலையில் கொஞ்சம் மிச்சம். பெட்டி மேல போட்டிருக்கிற பாஸ்கல் எண்ணைப் பார்த்து மயங்காதீங்க. வாயை முழுசா அடைச்சா மோட்டார் எவ்வளவு அழுத்தம் கொடுக்குதுன்னுதான் அது சொல்லும். தரையில் எவ்வளவு தூசி எடுக்குதுங்கிறது பிரஷ், காற்றோட்டம் எல்லாத்தையும் பொறுத்தது. மேலே லைடார் கோபுரம் இருக்கிறதால என் கட்டில் அடியில் நுழையல. வாங்கறதுக்கு முன்னாடி ஸ்கேல் வச்சு அளந்திருக்கணும், அளக்கல. கறுப்பு மிதியடியைப் பார்த்தா பள்ளம்னு நினைச்சுத் திரும்பிடுது. கீழே இருக்கிற சென்சார் அகச்சிவப்பு ஒளி திரும்பி வருதான்னு பார்க்கும், கறுப்பு அதை விழுங்கிடும்.

மாப்தான் ஏமாற்றம். இந்த விலையில் மாப்ங்கிறது பின்னாடி கட்டி இழுக்கிற ஒரு ஈரத்துணி. கையால துடைக்கிறவங்க உடம்பு பாரத்தைக் கொடுத்து அழுத்துவாங்க, நடுநடுவே துணியை அலசிப் பிழிவாங்க. இது ஹால்ல பட்ட அழுக்கோடவே கிச்சனுக்குப் போகும். சாம்பார் சிந்திக் காய்ஞ்ச கறைக்கு மரியாதையா வணக்கம் வச்சுட்டுப் போகும். ஒரு வெள்ளிக்கிழமை பூஜை ரூம் முன்னாடி அம்மா போட்ட அரிசிமாவுக் கோலத்தை, ஹால் பூரா மாவுக் கரைசலாத் தடவி வச்சிருந்துச்சு. தினசரி தூசிக்கு ஓகே. வாரத்துக்கு ஒரு தடவை கையால துடைச்சே ஆகணும். எங்க போர் தண்ணியில உப்பு அதிகம், அதனால டேங்க்குக்கு கேன் தண்ணிதான்.

கேமரா இல்லைங்கிறது மட்டும், விட்டதிலேயே நல்ல விட்டது. ரூம்பாவின் சோதனை மாடல் எடுத்த வீட்டுப் படங்கள், டாய்லெட்டில் இருந்த ஒரு பெண்ணோட படம் உட்பட, ஆன்லைனில் கசிஞ்சதை எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ 2022-ல வெளியிட்டாங்க.

இப்போ முக்கியமான விஷயம். மூணாவது வாரம் ஒரு நாள் சீக்கிரமே வீட்டுக்கு வந்தேன். அம்மா தரையில உட்கார்ந்திருக்காங்க. சோபா அடியில இருந்து செருப்பு, சார்ஜர் வயர், தரையில கிடந்த பால் கவர், எல்லாத்தையும் பொறுக்கிட்டிருக்காங்க. பக்கத்துல ரோபோ கவிழ்ந்து கிடக்குது, பிரஷ்ல சுத்தின முடியைக் கத்திரிக்கோலால வெட்டி எடுத்த அடையாளத்தோட. "என்னம்மா இது?"ன்னா, "அது ஓடணும்ல, அதுக்குத்தான் சுத்தம் பண்றேன்"ங்கிறாங்க.

எனக்குச் சுருக்குன்னுச்சு. கோவன் எழுதின வீட்டம்மா எங்க ஹால்லயே உட்கார்ந்திருக்காங்க. நான் 15,000 ரூபாய் கொடுத்து அம்மாவுக்கு ஒரு வேலையைக் குறைக்கல, வேற பேர்ல கொடுத்திருக்கேன்.

அன்னிலேருந்து ஏற்பாடு மாறிச்சு. காலையில ஏழரைக்கு நாற்காலியைத் தூக்கிக் கவிழ்க்கிறது, வயரைச் சுருட்டுறது, டேங்க் நிரப்புறது என் வேலை. ராத்திரி துணி அலசுறது, முடி எடுக்கிறது, தூசி டப்பாவைக் கொட்டுறதும் நான்தான். எல்லாம் சேர்த்து ஒரு 20 நிமிஷம். சனிக்கிழமை நானே கையால துடைக்கிறேன். அப்பதான் தெரிஞ்சது, ஒரு ஹால் எவ்வளவு பெரிசுன்னு.

நண்பருக்கு நான் சொன்ன பதில் இதுதான். அந்த 20 நிமிஷம் உங்களோடதா இருந்தா வாங்குங்க. வீட்டில் வேற யார் தலையிலாவது விழும்னா வேண்டாம், அந்தக் காசுக்கு ஒரு ஆளுக்கு நியாயமான சம்பளம் கொடுங்க. அவர் இன்னும் யோசிச்சுட்டிருக்கார்.

நேத்து மத்தியானம் ரோபோ பாத்ரூம் வாசப்படியில சிக்கிட்டு, உதவி வேணும்னு கத்திட்டே இருந்துச்சாம். அம்மாவுக்கு ஃபோன் போட்டேன். டீ குடிச்சுட்டிருந்தாங்க. "கத்தட்டும். நீ வந்து எடு"ன்னாங்க.