தேமல் தந்த துப்பு

உடன்குடியிலோ திருச்செந்தூரிலோ சட்டையின்றி வேலை செய்பவர்களின் முதுகைக் கவனித்திருக்கிறீர்களா? சிலருக்கு வெளிறிய திட்டுகள் தெரியும். அதுதான் தேமல். வெப்பமும் ஈரக்காற்றும் வியர்வையும் சேர்ந்த கடற்கரையில் இது சாதாரணம். ஆயினும் குஷ்டமோ என அஞ்சி மறைப்பவர்கள் உண்டு. குஷ்டத் திட்டில் பொதுவாக உணர்ச்சி மங்கும், தேமலில் மங்காது. ஐயமிருந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

தேமலுக்குக் காரணம் ஒரு பூஞ்சை என்பதை 1846-இலேயே ஜெர்மானிய மருத்துவர் ஐக்ஸ்டெட் கண்டறிந்தார். மலசீசியா என்பது அதன் இன்றைய பெயர். எல்லோர் தோலிலும் குடியிருப்பதுதான். தோலின் எண்ணெய்ப் பசையே அதற்கு உணவு. ஆனால், அது பெருகிய இடம் ஏன் வெளுக்க வேண்டும்?

1970-களில் ரோம் நகரில் நஸ்ஸாரோ-போரோ, பாஸ்ஸி என்ற இருவர் இக்கேள்வியை எடுத்துக்கொண்டனர். ஒலியிக் அமிலம் போன்ற கொழுப்பு அமிலங்களைத் தந்து பூஞ்சையை வளர்த்தபோது, அது அவற்றை உடைத்து அசெலாயிக் அமிலத்தை உண்டாக்கியது. ஒன்பது கார்பன் அணுக்களின் சங்கிலி. இரு முனையிலும் அமிலத் தொகுதி. பௌதிகம் நடத்துபவனுக்கு நிறம் என்பது ஒளி உட்கவரப்படுவதுதான். தோலில் அவ்வாறு ஒளியைக் கவரும் பொருள் மெலனின். அதை ஆக்கும் டைரோசினேஸ் நொதியை இந்த அமிலம் தடுத்தது. 1978-இல் முடிவுகள் வெளியாயின.

இரசாயனத்துக்கு இது பழைய பொருள். பிரெஞ்சு விஞ்ஞானி லோரான் 1837-இலேயே ஒலியிக் அமிலத்துடன் நைட்ரிக் அமிலத்தைச் சேர்த்து இதைப் பெற்றார். நைட்ரஜனின் பிரெஞ்சுப் பெயரான 'அசோட்', எண்ணெயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான 'எலாயோன்' இரண்டும் சேர்ந்தே பெயர் அமைந்தது.

நிறத்தைக் குறைக்கும் பொருளானால் முகத்தில் படரும் மங்குக்குப் பூசிப் பார்க்கலாமே! பார்த்தார்கள், பலன் இருந்தது. பூசியவர்களுக்கு முகப்பருவும் தணிந்தது யாரும் எதிர்பாராதது. பருவில் பெருகும் பாக்டீரியாவை இது ஒடுக்குகிறது, மயிர்க்கால் அடைபடுவதையும் குறைக்கிறது. அமெரிக்காவில் 20 சதவீதக் களிம்புக்கு 1995-இல் அனுமதி கிடைத்தது. நம் நாட்டிலும் கிடைக்கிறது. முதலில் சற்று எரியும். பலன் தெரியச் சில வாரங்களாவது ஆகும்.

வேடிக்கை என்னவென்றால், தேமல் வெளுப்பதற்கு இந்த அமிலம் மட்டுமே காரணம் என்பதைப் பின்வந்த ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. டிரிப்டோபானிலிருந்து பூஞ்சை ஆக்கும் வேறு பொருள்களையும் சந்தேகிக்கிறார்கள். துப்பு முழுதும் சரியில்லை, மருந்து மட்டும் நிலைத்துவிட்டது!

தேமலுக்கு இது மருந்தன்று. அதற்குப் பூஞ்சைக்கொல்லியே வேண்டும். பூஞ்சை ஒழிந்த பிறகும் பழைய நிறம் திரும்பச் சில மாதங்கள் பிடிக்கும். அதற்குள் மருந்து பலிக்கவில்லை என்று முடிவுகட்டி, யாரோ சொன்ன ஸ்டீராய்டு களிம்பைப் பூசத் தொடங்குபவர்களுக்குத்தான் தோல் மெலிந்து புதிய தொல்லை ஆரம்பமாகிறது.