போத்தல் தண்ணீரும் புத்தளக் கரையும்: அறிந்திருக்க வேண்டியவை

கற்பிட்டிக் குடாநாட்டில் தண்ணீர் காசு கொடுத்து வாங்கும் பொருளாகி வருகிறது. இங்கு நன்னீர், மணலுக்கு அடியில் உவர்நீரின் மேல் மெல்லிய படையாகவே தங்கி நிற்கிறது. மரக்கறி, வெங்காயத் தோட்டங்களுக்கு இடப்படும் உரம் மணலூடாக அந்தப் படைக்குள் இறங்குகிறது. குடாநாட்டின் பல கிணறுகளில் நைத்திரேற்றின் அளவு, உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது. கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைக் காவும் திறனை அது குறைக்கிறது.

1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும்பகுதியினர் தஞ்சமடைந்த மாவட்டம் இது. வந்தவர்களும் இடம் கொடுத்தவர்களும் ஒரே நிலத்தடி நீரையே பங்கிட்டனர். ஆகவே போத்தல் தண்ணீர் இங்கு ஆடம்பரம் அல்ல.

போத்தல் பாதுகாப்பானதா?

தண்ணீரும் மென்பானமும் வரும் ஒளிபுகும் போத்தல் 'பெற்' எனப்படும் பிளாஸ்டிக்கால் ஆனது. அதன் அடியில் முக்கோணத்துக்குள் 1 என்ற எண் இருக்கும். பலரும் அஞ்சும் பிஸ்பீனோல் ஏ இதன் மூலப்பொருள் அல்ல. 7 என்ற எண்ணிடப்பட்ட பொலிகாபனேற்றுக் கலன்களிலேயே அது உண்டு. 'பெற்' தயாரிப்பில் அந்திமனிச் சேர்வை பயன்படுகிறது. சாதாரண வெப்பநிலையில் தண்ணீரில் கலக்கும் அந்திமனி மிகக் குறைவு. வெப்பம் 60 பாகை செல்சியசை நெருங்கும்போது அது விரைவாகக் கூடுகிறது. எனவே பூட்டிய வாகனத்துக்குள் வெயிலில் நாட்கணக்கில் கிடந்த போத்தலைத் தவிருங்கள். சுடுநீரையும் தேநீரையும் அதில் ஊற்ற வேண்டாம்.

2024 ஜனவரியில் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அமெரிக்காவில் விற்கப்படும் போத்தல் நீரில் லீற்றருக்குச் சராசரியாக 240,000 பிளாஸ்டிக் துணிக்கைகள் இருப்பதாக அறிவித்தனர். அவற்றில் ஏறத்தாழ 90 வீதமானவை நானோ அளவிலானவை. உடலில் அவை என்ன செய்கின்றன என்பது இன்னும் ஆராயப்படுகிறது.

கடலில் நடப்பது

மூடியிட்ட வெற்றுப் போத்தல் மிதந்து நெடுந்தூரம் போகும். மூடி கழன்றால் நீர் புகுந்து அமிழும், ஏனெனில் 'பெற்' கடல்நீரைவிடப் பாரமானது. மூடியோ வேறு பிளாஸ்டிக். அது மிதந்துகொண்டே இருக்கும். இப்படி ஒரே போத்தல் களப்பின் அடியையும் கரையையும் சேர்த்தே கெடுக்கிறது. கண்டல் வேர்களுக்குள் சிக்கியது இலகுவில் வெளியேறாது. வெயிலிலும் அலையிலும் உடையும் துண்டுகள், மீன்குஞ்சுகள் வளரும் நீரிலேயே சேர்கின்றன.

2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் தீப்பிடித்த எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் குருணைகள் இருந்தன. அவை புத்தளம் உட்பட மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின. 2025 யூலையில் உயர் நீதிமன்றம் கப்பல் தரப்பை 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்தப் பணித்தது. கப்பலுக்கு உரிமையாளர் உண்டு. கரைவலையில் ஏறும் போத்தலுக்காக மீனவர் யாரிடம் இழப்பீடு கேட்பது?

நாம் செய்யக்கூடியவை

வெற்றுப் போத்தலை எரிக்காதீர்கள். அந்தப் புகை நச்சுத்தன்மையானது. நசுக்கி, மூடியுடன் சேர்த்து, சேகரிப்போரிடம் கொடுங்கள்.

கிருமி மட்டுமே பிரச்சினையான இடத்தில், 2 லீற்றருக்கு மேற்படாத ஒளிபுகும் போத்தலில் தெளிந்த நீரை நிரப்பி, 6 மணி நேரம் நல்ல வெயிலில் வைத்தால் கிருமிகள் அழியும். முகில் மூடிய நாட்களில் 2 நாட்கள் வைக்க வேண்டும். நைத்திரேற்றும் உப்பும் இதனால் நீங்கா.

கிணற்று நீரை ஒரு முறையாவது பரிசோதிப்பதும், குழாய் நீரைக் கேட்டுப் பிரதேச சபையையும் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையையும் விடாது நெருக்குவதும் அவசியம். கிணறு தேறாதவரை இக்கரையில் போத்தல் குறையாது.